அருமைநாயகத்தின் யூதாஸ் காசு

தென்காசியில் அருமைநாயகத்தின் கடை எங்கே என்று கேட்டால், எந்த அருமைநாயகம் என்று திருப்பிக் கேட்பார்கள். யூதாஸ் காசு வைத்திருக்கிறாரே, அவர் என்று சொல்லிவிட்டால் போதும். பஸ்ஸில் ஏறப்போகிறவர்கூட நின்று வழி சொல்லிவிட்டுப் போவார்.

பெயின்ட்டும் இரும்புச் சாமானும் விற்கிற மனிதருக்கு இப்படி ஒரு பேர் கிடைத்தது எருசலேம் பயணத்தில்தான். கூட வந்தவர்கள் ஒலிவமரச் சிலுவையும், பாட்டிலில் யோர்தான் தண்ணீரும் வாங்கினார்கள். அருமைநாயகத்தை மட்டும் பெத்லகேமில் வழிகாட்டி தனியாகக் கூப்பிட்டு ஒரு வெள்ளிக்காசைக் காட்டினான். யூதாஸ் கை நீட்டி வாங்கிய முப்பதும் இந்த மாதிரிக் காசுகள்தான் என்றான். அந்தக் காசு கடல் தாண்டி, மலை தாண்டி, தென்காசிக்கு வந்து சேர்ந்தபோது 'இந்த மாதிரி' என்கிற சொல் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. அந்த முப்பதில் இது ஒன்று என்று ஆகிவிட்டது.

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழக்கிழமைதோறும் ஆராதனை முடிந்ததும் குருவானவர் அவரை முன்னே அழைப்பார். அருமைநாயகம் வெள்ளைக் கைக்குட்டையில் காசை ஏந்திக்கொண்டு சுருக்கமாகப் பேசுவதாகச் சொல்லி ஆரம்பிப்பார். சுருக்கமாக முடித்ததாக யாருக்கும் நினைவில்லை. பிறகு ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து எட்டிப் பார்ப்பார்கள். காசின் பின்பக்கம் ஒரு கழுகு இருந்தது. அதன் தோளுக்குப் பின்னால் குருத்தோலை ஒன்று தெரிவதாக அவர் சுட்டிக் காட்டுவார். பிள்ளைகள் தெரிகிறது என்பார்கள். பின்னால் வரிசை நின்றதால் வேறு சொல்ல நேரமிருக்காது.

இவ்வளவு புகழ்பெற்ற காசு அவர் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. மனைவி ரெபேக்காள் விடவில்லை.

"யூதாஸே அதைக் கையில வச்சிருக்கப் பயந்து கோயிலுக்குள்ள வீசிட்டுப் போனான். ஆசாரியர்மாரே காணிக்கைப் பெட்டியில போட மாட்டோம்னுட்டாவ. நீங்க எம் பீரோவுல வைக்கணும்னு நிக்கிதிய" என்று அவள் காசு வந்த அன்றே சொல்லிவிட்டாள். அதனால் காசு கடையிலேயே, பெயின்ட் வண்ண அட்டைகள் கிடக்கும் இழுப்பறையில் குடியிருந்தது.

தனக்குச் சாபத்திலெல்லாம் நம்பிக்கையில்லை என்று ரெபேக்காள் அடிக்கடி சொல்வாள். சொல்லிவிட்டு, காசு வந்த பிறகு நடந்ததையெல்லாம் வரிசைப்படுத்துவாள். வடகரைத் தோப்பில் மோட்டார் எரிந்துபோனது. தென்னைக்கு வண்டு விழுந்தது. அவளுக்குக் கடைவாய்ப் பல் போனது. இந்த ஆனி மாதம் அருமைநாயகம் கடை ஏணியிலிருந்து வழுக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தபோது அவள் ஒன்றும் திட்டவில்லை. சனிக்கிழமை எல்லோரும் குற்றாலம் போகிறோம், சீசன் நன்றாக இருக்கிறதாம், குளித்த மாதிரியும் இருக்கும், அந்தச் சனியனை அருவியில் விட்ட மாதிரியும் இருக்கும் என்றாள். அவள் யோசனை கேட்கவில்லை என்பது அருமைநாயகத்துக்கு விளங்கியது.

செய்தி மகள் ஷாரோன் வழியாக மருமகன் பெலிக்ஸுக்கு வந்தது.

பெலிக்ஸ் ஆய்க்குடிக்காரன். தென்காசியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் பழைய கிரேக்கக் காசுகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். சொந்தமாக இருந்தது கைப்பிடி அளவுதான், எல்லாம் மிளகு மாதிரிச் சின்னக் காசுகள். ஆனால் உலகத்து அருங்காட்சியகங்கள் இணையத்தில் போட்டிருக்கும் படங்களை அவன் பார்க்காத நாள் கிடையாது. ஒவ்வொரு காசையும் எந்த ஊரில், எந்த ராஜா, எந்தக் காலத்தில் அடித்தான் என்று கண்டுபிடித்து, சின்ன உறையில் போட்டு, மேலே எழுதிவைப்பான். எழுதிவிட்டு ஓரத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டுக்கொள்வான். காசுக்குக்கூட பவர் பார்க்கிறவன் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொன்னார்கள். புதுச் சேலை கட்டினால் நிமிர்ந்து பார்க்காத மனுஷன் காசை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் என்று ஷாரோன் சொன்னாள்.

வேடிக்கை என்னவென்றால், மாமனாரின் காசை மட்டும் அவன் ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை. யாத்திரை போகிறவர்களுக்கு விற்கிற யூதாஸ் காசுகள் பெரும்பாலும் அச்சில் வார்த்த போலிகள் என்று அவனுக்குத் தெரியும். பார்த்தால் கண்டுபிடித்துவிடுவோம், கண்டுபிடித்தால் சொல்லவேண்டி வரும், மாப்பிள்ளையாகப் போன இடத்தில் அதெல்லாம் எதற்கு என்று பயம். கல்யாணத்தன்று மாமனார் காசை உள்ளங்கையில் வைத்தபோது, ரொம்ப விசேஷமான காசு மாமா என்று சொல்லித் திருப்பிப் பார்க்காமலே கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து அந்த ஒரே வாக்கியத்தை வைத்துக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தான்.

தண்ணீரில் போகப்போகிற காசு என்று ஆனபிறகு மனம் கேட்கவில்லை. ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்கிறேன் என்று மாமனாரிடம் கேட்டு வாங்கினான். ஷாரோன் வாசலிலேயே நிறுத்தினாள்.

"அம்மா வீட்டுக்குள்ள விடாததை நம்ம வீட்டுக்குக் கொண்டாரியளாக்கும். கடையில வச்சுப் பாருங்க அத்தான்."

அவன் காசை வாசலிலேயே வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்த் தராசை மட்டும் எடுத்துக்கொண்டான். காசு நிறுக்க என்று வாங்கிய சின்ன டிஜிட்டல் தராசில் ஷாரோன் கேக்குக்கு ஏலக்காய் நிறுத்து வந்தாள். அது ஏலக்காயாகவே மணந்தது.

பெலிக்ஸுக்கு ஒரு முறை உண்டு. காசைப் பார்த்ததும் பேரைத் தேடக் கூடாது. கண்ணில் படுவதை மட்டும் முதலில் சொல்லிக்கொள்ள வேண்டும். மதியம் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் கடைமேசையில் வெள்ளைத்தாள் விரித்து, விளக்கைச் சாய்த்து, உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தான். விளிம்பில் ஒட்டுக்கோடு இல்லை. வார்த்த காசில் தெரிகிற பொடிப்பொடிக் குமிழிகள் இல்லை. எழுத்தின் ஓரங்கள் கூர்மையாக நின்றன. சுத்தியலால் ஓங்கி அடித்த காசு. போலி இல்லை என்று தோன்றியது. உடனே, சந்தோஷத்தில் முடிவெடுக்கக் கூடாது என்று எழுந்து ஒரு டீ குடித்துவிட்டு வந்தான்.

எடை பதினாலு கிராமுக்குச் சற்று மேல். எருசலேம் கோயிலில் செல்லுபடியான, லெபனான் கரையின் தீரு பட்டணத்து வெள்ளிக்காசும் ஏறக்குறைய அதே எடைதான். யூதாஸ் வாங்கியது அதைத்தான் என்பது அறிந்தவர்கள் கணிப்பு. எடையில் மாமனார் ஜெயித்துவிட்டார்.

பின்பக்கத்தில் கழுகு. இடது ஓரத்தில் ஒரு கதாயுதம், அது தீரு பட்டணத்தின் முத்திரை. அதிலும் மாமனார்தான். வழிகாட்டி சொன்னது உண்மையாக இருக்குமோ என்று பெலிக்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆனால் தீருவின் காசில் கழுகு கப்பல் முனைமேல் நிற்க வேண்டும். இது, இரண்டு பக்கமும் கூர்ந்து நடுவில் கட்டிய கதிர்க்கட்டு மாதிரி ஒன்றின்மேல் நின்றது. கிரேக்கர்கள் இடியை அப்படித்தான் வரைவார்கள். தோளுக்குப் பின்னால் இருக்க வேண்டிய குருத்தோலையும் இல்லை. பிள்ளைகள் வருஷாவருஷம் பார்த்தது ஒரு கீறல்.

முன்பக்கத்துத் தலையில், தீருவின் தெய்வத்துக்கு இலைமாலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பட்டி ஓடியது. பின்னந்தலையில் முடிச்சுப் போட்டு, இரண்டு முனைகளும் தொங்கின. அது தெய்வம் அணிகிற மாலை இல்லை, ராஜா கட்டுகிற பட்டி. கடைசியாகத்தான் கிரேக்க எழுத்துக்குப் போனான். பேரின் முதல் எழுத்து வீட்டு வாசல்நிலை மாதிரி இரண்டு கால், மேலே ஒரு சட்டம். தீருவின் பேர் அப்படி ஆரம்பிக்காது. தாலமி என்கிற எகிப்து ராஜாவின் பேர்தான் அப்படி ஆரம்பிக்கும். தீரு பட்டணம் அந்த வம்சத்தின் கையில் இருந்தபோது அங்கேயே அடித்த காசு. கதாயுதம் அதனால் வந்தது. யூதாஸுக்கு இருநூற்றைம்பது, முந்நூறு வருஷம் முந்தையது.

சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அவன் தன்னையே சந்தேகப்பட்டான். காசைக் காப்பாற்ற வேண்டும் என்கிற ஆசையில்தான் தாலமி தெரிகிறாரோ? மாமனாருக்குக் குருத்தோலை தெரிந்ததுபோலத் தனக்கு ரிப்பன் தெரிகிறதோ? மறுநாளும் பார்த்தான். ரிப்பன் அங்கேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாமனார் வீட்டில் ஆப்பமும் தேங்காய்ப்பாலும். காசை வாசலுக்கு உள்ளே கொண்டுவர ரெபேக்காளிடம் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருந்தது. நாளைக்குப் போகப்போகிறதுதானே என்று விட்டாள். பெலிக்ஸ் தன் முடிவைச் சொல்லவில்லை. பெரிதாக அச்செடுத்த இரண்டு படங்களை மேசைமேல் வைத்தான். ஒன்று உண்மையான தீரு காசு, மற்றது தாலமி காசு. நடுவில் மாமனாரின் காசை வைத்து, ஒப்பிட்டுப் பாருங்கள் என்றான்.

அருமைநாயகம் கைகளைக் கட்டிக்கொண்டார். ரெபேக்காள் மருமகன் செய்துகொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

"இந்தப் படத்துல தலையில இலை. நம்ம காசுல ரிப்பன்" என்றாள். சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மூக்கும் நாடியும் உங்களை மாதிரியே இருக்கு, பாத்தியளா" என்று கணவரிடம் சொன்னாள். ஷாரோன் சிரிப்பை அடக்க ஆப்பத்தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அருமைநாயகம் சிரிக்கவில்லை. அவருக்கு வரிசையில் வரும் பிள்ளைகள் கண்ணுக்குள் வந்திருக்க வேண்டும். தாலமியைப் பார்க்கத் தென்காசியில் யார் வருவார்? அவர் மருமகனை மரியாதையோடுதான் பார்த்தார்.

"பெத்லகேம்ல பிறந்து வளந்தவனுக்குத் தெரியாதது, ஆய்க்குடிக்காரருக்குத் தெரிஞ்சிட்டு. சந்தோஷம் மாப்ள."

பெலிக்ஸ் காலக்கணக்கை விளக்கினான். அருமைநாயகமும் வியாபாரிதான், விடவில்லை. தன் அப்பா காலத்துக் காலணா இன்னும் கடை மேசையில் கிடக்கிறது, பழைய காசு ஒன்று அந்த முப்பதுக்குள் கலந்திருக்கக் கூடாதா என்று கேட்டார். பெலிக்ஸுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. நல்ல கேள்வி என்றே சொல்லிவிட்டான். அவ்வளவு பழைய காசெல்லாம் அதற்குள் உருக்கப்பட்டிருக்கும், கலந்திருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு என்றான்.

"குறைவா, இல்லவே இல்லையா?" என்று ரெபேக்காள் கேட்டாள்.

அடுக்களையிலிருந்து ஷாரோன் தலையை நீட்டினாள். இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டால் காசு பிழைத்துவிடும். உறைதோறும் கேள்விக்குறி போடுகிறவன் வாயில் அது வரவில்லை.

"பெரும்பாலும் இல்லை, அத்தை."

"அப்ப மிச்சம் கொஞ்சம் இருக்குல்லா? அந்தக் கொஞ்சம் எனக்கு வேண்டாம்" என்று சொல்லி ரெபேக்காள் கண்ணாடியைக் கழற்றினாள். சனிக்கிழமைப் பயணத்தில் மாற்றமில்லை. வீடு வந்து இறங்கும்போது ஷாரோன், கல்யாணத்துக்கு முன்னால் என்னைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கும் பெரும்பாலும் என்றுதான் சொல்லியிருப்பீர்கள், நான்தான் கவனிக்கவில்லை என்றாள்.

குற்றாலத்தில் சாரல் விட்டு விட்டு அடித்தது. பேரருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டவர்கள் மினுமினுத்துக்கொண்டு நடந்தார்கள். பெண்களுக்குத் தனிப் பக்கம், ஆண்களுக்குத் தனிப் பக்கம் என்பதால் ரெபேக்காளுக்குக் கூட நின்று பார்க்க வழியில்லை. நான் குளித்துவிட்டு வரும்போது அது கையில் இருக்கக் கூடாது என்று கணவரிடம் சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

மாமனும் மருமகனும் துண்டோடு நின்றார்கள். அருமைநாயகம் மூடிய கையைத் திறக்கவில்லை. தண்ணீர் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நின்று பேசுவதற்கே குரலை உயர்த்த வேண்டியிருந்தது. போலீஸ்காரர் விசில் ஊதி, குளித்தவர்களை வெளியே வந்து வரிசைக்கு இடம் விடச் சொன்னார். அருமைநாயகம் தன் முறையைப் பின்னால் நின்றவருக்கு விட்டுக்கொடுத்தார். அடுத்தவருக்கும் விட்டுக்கொடுத்தார்.

"அந்த ஆளு யாரு மாப்ள?" என்றார் கடைசியில்.

"எந்த ஆளு மாமா?"

"காசுல இருக்குத ஆளு. எம் மூக்கு வச்சிருக்கான்னு உங்க அத்தை சொன்னாள்லா."

பெலிக்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது. நேற்று மாலை முழுவதும் அது யாருடைய காசு இல்லை என்பதைத்தான் அவன் பேசியிருந்தான். தாலமி என்று பேர் சொன்னதோடு சரி, அவர் யார் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு வெறுங்கையோடு மனிதரை அருவிக்கு அனுப்பியிருக்கிறான்.

சொல்ல ஆரம்பித்தான். இந்தத் தாலமி அலெக்சாண்டரின் படைத்தளபதி, சின்ன வயதிலிருந்து கூட்டாளி. அலெக்சாண்டர் செத்ததும் ஆளாளுக்கு நாட்டைப் பிடித்தபோது, இவர் எகிப்தைப் பிடித்துக்கொண்டு ராஜாவாகி, கிழவனாகிப் படுக்கையில் செத்தார். அந்தக் கூட்டத்தில் அப்படிச் சாக அதிகம் பேருக்கு வாய்க்கவில்லை. அலெக்சாண்டரோடு இவரும் இந்தியாவுக்கு வந்தவர். இந்தக் காசை அடித்தது அவர் இல்லை, அவருடைய மகன். அப்பா முகத்தையே போட்டு அடித்தான்.

சத்தத்தில் பாதிதான் கேட்டிருக்கும் என்று பெலிக்ஸ் நினைத்தான். அருமைநாயகம் கையைத் திறந்து அந்த முகத்தைப் பார்த்தார்.

"மகன் அடிச்சிருக்கான். மருமகன் யாரும் அடிச்சதாத் தகவல் இல்லையோ?"

"பாத்த வரைக்கும் இல்ல மாமா."

"ம். இருக்காது" என்று அவர் காசை டவுசர் பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். அதன்பிறகு அருவிக்குள் போய், விசில் ஊதுகிறவரை அசையாமல் நின்றார்.

ரெபேக்காள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். விட்டாச்சா என்று கேட்டாள். அருமைநாயகம் பொய் சொல்லவில்லை. பொத்தானைக் கழற்றிக் காசை எடுத்துக் காட்டினார். அவள் முகம் மாறுவதற்கு முன்னால் தானே முந்திக்கொண்டார்.

"இது யூதாஸ் காசு இல்லட்டி."

"நேத்து மாப்ள சொன்னப்ப ஒத்துக்கிடலியே."

"இன்னைக்கு நான் சொல்லுதேன்."

ரெபேக்காள் துண்டைத் தோளில் போட்டாள். கூட்டம் அவர்களை இடித்துக்கொண்டு போனது. "மாப்ள பெரும்பாலும் இல்லைன்னாரு. மிச்சக் கொஞ்சத்தை நீங்கதான் விடாமப் பிடிச்சிட்டு நின்னிய. நீங்களே விட்டுட்டா எனக்கு என்ன? அடுத்த வருஷம் பெரிய வியாழக்கிழமை குருவானவர் கூப்பிட்டா என்ன சொல்லுவிய?"

பெலிக்ஸ் வேறு பக்கம் பார்த்தான். அந்த மனிதர் விட்டுக்கொடுக்கப்போவது என்னவென்று அவனுக்குத் தெரியும். எவ்வளவு நீட்டிப் பேசினாலும் ஒரு சபையே பொறுத்துக்கொண்ட பேச்சு அது.

"அப்படி ஒரு காசு எங்கிட்ட இல்லைன்னு சொல்லுவேன்" என்றார் அருமைநாயகம்.

பழம் வாங்கிக்கொண்டு போகலாம் என்று ரெபேக்காள் முன்னால் நடந்தாள்.

வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் பேச்சித்தாய் என்கிற அம்மாள் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்திருந்தாள். ரெபேக்காள் பழங்களை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கையில் அருமைநாயகம் ஈரமான காசைத் துண்டில் தேய்க்கப் போனார். தேய்க்கக் கூடாது மாமா, விளிம்பில் பிடியுங்கள் என்று பெலிக்ஸ் தடுத்தான். அவர் இரண்டு விரலால் விளிம்பைப் பிடித்துத் தூக்கியது பேச்சித்தாயின் கண்ணில் பட்டது. அது என்ன காசு அண்ணாச்சி என்று கேட்டாள்.

ரெபேக்காள் பழத்தை அமுக்குவதை நிறுத்தினாள். ஷாரோன் கணவனின் முழங்கையைப் பிடித்தாள்.

அருமைநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டார். பழக்கதோஷத்தில் இடது கை கைக்குட்டையைத் தேடியது. "இது தாலமின்னு ஒரு ராஜா" என்றார்.

"அப்படியா" என்று சொல்லிவிட்டுப் பேச்சித்தாய் தராசுத் தட்டில் பழத்தை எடுத்துப் போட்டாள். அதிர்ச்சி இல்லை, எட்டிப் பார்க்கவும் இல்லை. அருமைநாயகத்தின் முகம் சற்றே வாடியது. அலெக்சாண்டரோடு இந்தியா வரைக்கும் வந்தவன் என்று சேர்த்துச் சொல்லிப் பார்த்தார்.

இப்போது அவள் நிமிர்ந்தாள். "குத்தாலத்துக்கு வந்தானா?"

வந்தான் என்று சொல்ல அவருக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பது முகத்தில் எழுதியிருந்தது. புளியறைக் கணவாய் வழியாக யானைப்படையோடு இறங்கி, இதே அருவியில் குளித்தான் என்று ஆரம்பித்தால் பெரிய வியாழக்கிழமையைவிட நன்றாகவே வரும். அவர் மருமகனைப் பார்த்தார். பெலிக்ஸ் தலையசைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மாமனாரே சொல்லட்டும் என்று நின்றான்.

"இல்லம்மா" என்றார் அருமைநாயகம். "பஞ்சாப் பக்கத்தோட திரும்பிட்டான்."

"பாவம்" என்றாள் பேச்சித்தாய், உண்மையாகவே வருத்தப்பட்டு. "இம்புட்டுத் தூரம் வந்தும் கொடுத்துவைக்கல பாருங்க."

ரெபேக்காள் ஒரு மங்குஸ்தானைப் பிளந்து, வெள்ளைச் சுளையை முதலில் கணவரிடம் நீட்டினாள். அவருக்கு ஒரு கையில் காசு. அதை விளிம்பிலேயே பிடித்தபடி மற்றக் கையால் பழத்தை வாங்கிக்கொண்டார்.